தோட்டம் போனது, திடலும் போனது, பெயர் மட்டும் ஓடுகிறது

நெகிரி செம்பிலானில் தொடக்கப்பள்ளிகளுக்கான மாவட்டத் திடல்தடப் போட்டி நடக்கும் நாளில், ஒலிபெருக்கியைக் கொஞ்ச நேரம் கேட்டால் போதும். நூறு மீட்டர் இறுதிச் சுற்று, இரண்டாவது தடம், 'லாடாங்' என்று தொடங்கும் ஒரு பள்ளியின் பெயர் வரும். நான்காவது தடத்துக்கு இன்னொரு லாடாங். போர்ட்டிக்சன் பக்கம் என்றால் லிங்கி, சுவா பெத்தோங், பிராட்வால், அத்தர்ட்டன். பகாவ் பக்கம் என்றால் கெடிஸ், ஜெராம் பாடாங். கெமெஞ்சே பக்கம் என்றால் ரிஜெண்ட். மாநிலத்தில் உள்ள சுமார் 60 தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் பெயரில் இன்றும் தோட்டம் இருக்கிறது.

அந்தப் பெயரைச் சட்டையின் முதுகில் போட்டுக்கொண்டு ஓடும் பிள்ளைகளில் பலர் தோட்டத்தில் பிறந்தவர்கள் அல்லர். பெரட்டுக் களம் என்றால் என்னவென்று தாத்தாவைத்தான் கேட்க வேண்டும். தாமான் வீட்டிலிருந்து பள்ளி வேனில் வருகிறார்கள். மரம் சீவுவதைப் பாடநூல் படத்தில் பார்த்திருப்பார்கள். ஆனாலும் கோட்டில் நிற்கும்போது அவர்கள் 'லாடாங்' பிள்ளைகள்தாம்.

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். தப்பு ஒன்றுமில்லை. கேள்வி வேறு. ஒரு பள்ளியின் விளையாட்டுக்கு அடையாளம் எங்கிருந்து வருகிறது? பெயரிலிருந்தா, திடலிலிருந்தா, அல்லது முன்பு ஓடியவர்களை யாராவது நினைவில் வைத்திருப்பதிலிருந்தா? தோட்டத் தமிழ்ப்பள்ளிகளிடம் இன்று பெயர் இருக்கிறது. மற்ற இரண்டும் பெரும்பாலும் கைநழுவிப் போய்விட்டன. அவை எப்படிப் போயின என்பதுதான் இங்கே பேச வேண்டிய செய்தி.

பள்ளி சட்டத்தால் வந்தது, திடல் துரையின் தயவால் வந்தது

நெகிரி செம்பிலானில் தோட்டத் தொழில் முதலில் காப்பியில் தொடங்கி, பிறகு ரப்பருக்கு மாறியது. சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891-இல் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது ரந்தாவ், லிங்கி, லாபு வட்டாரக் காடுகள் அழிந்து கித்தாக் காடுகள் எழுந்தன. கங்காணிகள் அழைத்துவந்த தமிழர்கள் லயங்களில் குடியேறினார்கள்.

பிள்ளைகள் பெருகியபோது பள்ளி தேவைப்பட்டது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. பல தோட்டங்களில் அந்தப் பள்ளிக்கூடம் ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர். சில இடங்களில் கிராணியே காலையில் கணக்கு எழுதிவிட்டு மதியம் பாடம் நடத்தினார்.

திடலின் கதை வேறு. துரைமார்கள் விளையாட்டை விரும்பினார்கள். வேலை முடிந்த ஆள் கள்ளுக்கடைக்குப் போவதைவிடப் பந்து விளையாடினால் நல்லது என்ற கணக்கும் அவர்களிடம் இருந்தது. சங்கம், கூட்டம் என்று தலையெடுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. எது எப்படியோ, மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்திலோ பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலோ ஒரு பந்துத் திடல் அமைந்தது. புல்லை வெட்ட நிர்வாகமே ஆள் போட்டது. கோல் கம்பத்துக்குக் கம்பெனித் தச்சர் மரம் அறுத்துக் கொடுத்தார். அதே திடலில் சடுகுடு, அதே திடலில் திருவிழாக் கூத்து, அதே திடலில் பள்ளி விளையாட்டுப் போட்டி. எல்லாருடைய திடலாக இருந்த அது சட்டப்படி யாருடையது என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியிருக்காது.

இடையில் ஜப்பானியர் காலம் வந்தது. 1942-க்கும் 1945-க்கும் இடையில் தோட்டத்து ஆண்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். போனவர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. திடலில் மரவள்ளி நட்ட காலம் அது. விளையாட்டு மறுபடி தலைதூக்கச் சில ஆண்டுகள் ஆயின. 1957-க்குப் பிறகு தமிழ்ப்பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. உடற்கல்வி பாட அட்டவணையில் ஏறியது. ஆண்டுக்கு ஒருமுறை விளையாட்டுப் போட்டி என்பது பள்ளியின் கட்டாயச் சடங்குகளில் ஒன்றாயிற்று.

மூலைக்கு மூலை நூறு மீட்டர்

அந்த விளையாட்டு நாளைப் பார்த்தவர்களுக்கு அதன் வாசனைகூட நினைவில் இருக்கும். ஈரப்புல், சுண்ணாம்பு, கோப்பி, பக்கத்து ஸ்டோரிலிருந்து வரும் புகையில் காய்ந்த ரப்பர் ஷீட்டின் நெடி.

நூறு மீட்டர் ஓட்டத்துக்கு நூறு மீட்டர் இருந்தால் மட்டும் போதாது. ஓடி முடித்தவன் நிற்பதற்கு இன்னும் பத்துப் பதினைந்து மீட்டர் வேண்டும். தோட்டத்துப் பந்துத் திடலின் நீளமே நூறு மீட்டர்தான் இருக்கும். கோல் கம்பத்துக்குப் பின்னால் கால்வாய். ஆகவே ஆசிரியர்கள் தடத்தை மூலைக்கு மூலை போட்டார்கள். நூறுக்கு அறுபத்து நான்கு மீட்டர் உள்ள திடலின் குறுக்கு மூலைக்கோடு ஏறக்குறைய 118 மீட்டர் வரும். பித்தாகோரஸ் தேற்றத்தை வகுப்பில் படிக்காத பிள்ளைகள் அதன் மேல் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

வளைவுகளுக்கு முளைக்குச்சியும் கயிறும். நடுவில் குச்சியை அடித்து, பதினாறு மீட்டர் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓர் ஆசிரியர் அரைவட்டம் நடப்பார். பின்னாலேயே ஒரு பையன் டின்னில் சுண்ணாம்பைக் கொட்டிக்கொண்டு போவான். இரு பக்கமும் ஐம்பது மீட்டர் நேர்க்கோடு சேர்த்தால் இருநூறு மீட்டர் தடம் தயார். இரவில் மழை பெய்துவிட்டால் விடியற்காலையில் மறுபடி முதலிலிருந்து.

வள்ளுவர் இல்லம், பாரதி இல்லம், கம்பர் இல்லம் என்று பிள்ளைகளைப் பிரித்திருப்பார்கள். கோழி இறகு நிறத்தில் எல்லாம் கொடிகள் பறக்கும். சாக்கு ஓட்டம், கரண்டியில் எலுமிச்சம்பழம், வாளியில் தண்ணீர் நிரப்புதல் என்று சின்னப் பிள்ளைகளுக்கு. அஞ்சல் ஓட்டம் வந்துவிட்டால் திடலைச் சுற்றி நிற்கும் கூட்டம் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிடும். மரம் சீவிவிட்டு, பால் நிறுத்துவிட்டு, பதினொரு மணிக்கு மேல் தாய்மார்கள் முக்காட்டுத் துணியோடு அப்படியே வந்து நிற்பார்கள். பெற்றோர் ஓட்டம் என்று ஒன்று உண்டு. ஆண்டு முழுதும் காண்டா வாளி சுமந்த பெண்கள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துத் திடலே சிரிக்கும், கைதட்டும். பெரிய துரையின் மனைவி பரிசு கொடுப்பார். பரிசு என்ன, ஒரு தட்டு, ஒரு குவளை, நான்கு நோட்டுப் புத்தகம். அந்தத் தட்டில் பிறகு இருபது வருடம் சோறு சாப்பிட்டவர்கள் உண்டு.

இதைச் சொல்வது பழையதை நினைத்து உருகுவதற்காக அல்ல. ஒரு பள்ளியின் விளையாட்டை ஒரு சமூகம் முழுதும் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தது என்பதைச் சொல்வதற்காக. பெரிய கல்லூரிகள் பணம் கொடுத்து உருவாக்கும் கூட்டம் அங்கே தானாக இருந்தது.

'தோட்டத்துப் பையன் இயல்பாகவே ஓடுவான்'

இங்கே ஒரு பேச்சை உடைக்க வேண்டியிருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டம் இரத்தத்திலேயே இருந்தது, ஐந்து மணிக்கு எழுந்து அம்மாவோடு வெளிக்காட்டுக்குப் போய் மங்கு துடைத்ததால் கால் உரமேறியது என்று மேடைகளில் பெருமையாகப் பேசுவது வழக்கம். கேட்க நன்றாக இருக்கும். பாதிதான் உண்மை.

நெடுந்தூரம் நடந்த பிள்ளைக்குக் கால் பழகும், சரி. ஆனால் அதே பிள்ளைக்குக் கொக்கிப்புழுவும் மலேரியாவும் இரத்தசோகையும் தோட்டம் கொடுத்த சீதனங்கள். வெறுங்காலோடு நடந்ததால் வந்த நோயையும் வெறுங்காலோடு ஓடியதால் வந்த பெருமையையும் ஒரே மூச்சில் பேசக்கூடாது. காலையில் வெறும் கோப்பியோடு வந்து வெயிலில் எண்ணூறு மீட்டர் ஓடி மயங்கி விழுந்த பிள்ளைகளும் அந்தத் திடலில்தான் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை.

இயல்பாகவே ஓடுவான் என்ற வார்த்தையில் இன்னொரு வசதியும் இருக்கிறது. இயல்பாகவே ஓடுகிறவனுக்குப் பயிற்றுநர் எதற்கு, காலணி எதற்கு, நல்ல திடல் எதற்கு? பாராட்டைக் கொடுத்து, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் தப்பித்துக்கொள்ளும் வழி அது.

உண்மையில் ஓடவைத்தது ஆசிரியர்கள். அவர்களில் பலர் உடற்கல்விக்கென்று பயின்றவர்கள் அல்லர். தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாலை நான்கு மணிக்குக் கால்சட்டை மாட்டிக்கொண்டு திடலுக்கு வந்தவர்கள். தோட்டத்துக் குவார்ட்டர்ஸிலேயே குடியிருந்ததால் அது முடிந்தது. இன்று ஆசிரியர் சிரம்பானிலிருந்து காரில் வந்து காரில் திரும்புகிறார். அது அவர் குற்றம் அல்ல.

விளையாட்டுக்கு முதலில் வேண்டியது வீரன் அல்ல, ஆசிரியர் என்பதைச் சென்னையில் ஓர் அமெரிக்கர் நூறாண்டுக்கு முன்பே புரிந்துகொண்டார். ஹாரி குரோ பக் என்ற அவர் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நந்தனத்தில் இன்றும் இருக்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு மேலாளராகச் சென்றவரும் அவர்தான். ஆனால் அவர் பெயர் நிலைத்தது அந்தப் பயணத்தால் அல்ல, ஊர் ஊராகப் போன உடற்கல்வி ஆசிரியர்களால்.

பதக்கம் யார் பெயரில்?

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதாவது ஓட்டக்காரன் உருவாகத் தொடங்கும் பன்னிரண்டு வயதில் அவன் பள்ளியை விட்டுப் போய்விடுகிறான். மாவட்டத்தில் முதலாவதாக வந்த பையன் அடுத்த ஆண்டு ரிமூவ் வகுப்பில் சிரம்பானிலோ போர்ட்டிக்சனிலோ ஓர் இடைநிலைப்பள்ளியில் இருப்பான். கிங் ஜார்ஜ் ஐந்தாம் மன்னர் பள்ளி, செயின்ட் பால்ஸ் போன்ற பழைய நகரப் பள்ளிகளுக்கு விளையாட்டில் நீண்ட மரபு உண்டு. அங்கே போன தோட்டத்துப் பையன் அந்தப் பள்ளியின் நிறத்தில் ஓடுவான். பதினாறு வயதில் மாநிலத்தில் வென்றால் பத்திரிகையில் அந்தப் பள்ளியின் பெயர் வரும். அவனை முதன்முதலில் சுண்ணாம்புக் கோட்டில் நிறுத்தியவர் பத்திரிகையைக் கத்தரித்து வைத்துக்கொள்வார். அவ்வளவுதான்.

நாட்டின் திடல்தட வரலாற்றில் தமிழ்ப் பெயர்கள் கொஞ்சமல்ல. மணி ஜெகதீசன் 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் நூறு, இருநூறு, அஞ்சல் ஓட்டம் என்று மூன்று தங்கம் வென்றார். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் ஓடிய 20.92 விநாடி, தேசியச் சாதனையாக 2017 வரை நின்றது. அதே 1966-இல் நானூறு மீட்டரில் தங்கம் வென்ற எம்.ராஜாமணி நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதைப் பெற்றார். 1985 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் எண்ணூறு மீட்டரில் பி.ராஜ்குமார் ஓடிய 1 நிமிடம் 47.37 விநாடியை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நாட்டில் எவரும் தாண்டவில்லை. ஜி.சாந்தியின் நூறு மீட்டர் சாதனை 1993-இல் ஏற்பட்டு 2017-இல்தான் விழுந்தது. 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் ஐம்பது கிலோமீட்டர் நடையில் ஜி.சரவணன் தங்கம் பெற்றார்.

இவர்களை நெகிரி செம்பிலான் தோட்டங்களின் கணக்கில் எழுதிக்கொள்வது நியாயமாகாது. நாட்டின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து, வெவ்வேறு குடும்பச் சூழலிலிருந்து வந்தவர்கள் அவர்கள். சொல்ல வருவது இது: இந்தப் பெயர்களைத் தோட்டத்துப் பிள்ளைகள் அறிந்திருந்தார்கள். தங்கள் சொந்தப் பள்ளியில் பத்து வருடத்துக்கு முன் ஓடியவன் பெயரை அறியவில்லை. ஏனென்றால் அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

பள்ளி வாசலைப் பார்த்தால் இது புரியும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் 'ஏழு ஏ' எடுத்த பிள்ளைகளின் படம் ஆளுயரத் துணிப் பதாகையில் தொங்கும். நல்லது, தொங்கட்டும். ஆனால் மாநிலப் போட்டியில் ஓடிய பிள்ளையின் பெயர் ஒரு பலகையில்கூட இருக்காது. கோப்பை மட்டும் தலைமையாசிரியர் அறை அலமாரியில், கைப்பிடி ஒன்று உடைந்து, என்ன ஆண்டு, யார் வென்றது என்ற விவரம் அழிந்து நிற்கும். அந்தத் தேர்வுக்காக மாலை நேரத் திடல் வகுப்பறைக்குள் இழுக்கப்பட்டதும் உண்டு. 2021-இல் தேர்வு ரத்தானது. திரும்பிப் பார்த்தபோது திடல் இல்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது

திடல் ஒரே நாளில் போகவில்லை. 1981 செப்டம்பரில் லண்டன் பங்குச் சந்தையில் ஒரு காலைப் பொழுதில் கத்ரி நிறுவனம் மலேசியர் கைக்கு வந்தது. நெகிரி செம்பிலானில் பரந்த தோட்டங்களை வைத்திருந்த நிறுவனம் அது. 2007-இல் சைம் டார்பியோடு இணைந்தது. முதலாளி மாறியதால் தொழிலாளியின் நிலம் பற்றிய கேள்விக்கு விடை கிடைத்துவிடவில்லை. நிலம் அப்போதும் கம்பெனியுடையது, இப்போதும் கம்பெனியுடையது.

ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது ஆள் தேவை குறைந்தது. ரப்பருக்கு அதிகாலையில் மரத்துக்கு மரம் கை வேண்டும். செம்பனைக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குலை வெட்டினால் போதும். அந்த வேலைக்கும் குத்தகையாளர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். பிறகு நெடுஞ்சாலை வந்தது. 1998-இல் எல்லைக்கு அந்தப் பக்கம் சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் வந்தது. நீலாய், லாபு, சிரம்பான் சுற்றுவட்டாரத் தோட்ட நிலங்களுக்கு ரப்பர் விலை போய் வீட்டு மனை விலை வந்தது. லயங்கள் காலியாயின. தாமான்கள் எழுந்தன.

பள்ளிகள் பலவற்றைச் சமூகம் போராடிக் காப்பாற்றியது. சில அதே இடத்தில், செம்பனைக்கு நடுவில் தனியாக நின்றன. சில வேறு இடத்துக்குப் பெயர்ந்தன. பெயர்ந்தபோது கட்டடம் கேட்டார்கள், வகுப்பறை கேட்டார்கள், கணினி அறை கேட்டார்கள். திடல் கேட்க நிலம் போதவில்லை. இரண்டு ஏக்கருக்குள் பள்ளியையும் சிற்றுண்டிச்சாலையையும் அடக்கிவிட்டு மீதியில் கார் நிறுத்துமிடம் போட்டால், பிள்ளை ஓடுவதற்குச் சபைகூடும் தளம்தான் மிச்சம். சிமெண்டுத் தரையில் நூறு மீட்டர் ஓட முடியாது. முழங்கால்தான் போகும்.

தோட்டத்திலேயே நின்ற பள்ளிகளுக்கு வேறு சங்கடம். அவற்றுள் பல பகுதி உதவி பெறும் பள்ளிகள், அதாவது நிலம் அரசாங்கத்துடையது அல்ல. பக்கத்தில் பழைய பந்துத் திடல் அப்படியே கிடக்கும், புல் முழங்கால் உயரம் வளர்ந்து. அதை வெட்டக் கம்பெனி இனி ஆள் போடாது. பள்ளி வெட்டினாலும் அது பள்ளியின் சொத்தாகாது. அடுத்த மறுநடவில் அங்கே செம்பனைக் கன்று வந்துவிட்டால் கேட்பதற்கு ஒரு தாளும் கையில் இருக்காது. துரையின் தயவால் வந்த திடல் என்று முன்பு சொன்னது இதற்காகத்தான்.

நான்கு பேர் இல்லாத அஞ்சல் ஓட்டம்

நிலத்தைவிட வேகமாகக் குறைந்தது பிள்ளைகளின் எண்ணிக்கை. 150 மாணவர்களுக்குக் குறைந்த பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேல் அந்த வகையில் இருக்கின்றன. நெகிரி செம்பிலானின் உள்தோட்டப் பள்ளிகளில் இது இன்னும் கடுமை.

முப்பது பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளியைக் கணக்கிடலாம். ஆறு ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு ஐந்து பேர். பாதி பெண்கள் என்று வைத்துக்கொண்டால் ஐந்தாம், ஆறாம் ஆண்டுகள் சேர்த்துப் பெண்கள் ஐந்து பேர். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்கள் அஞ்சல் ஓட்டத்துக்கு நான்கு பேர் வேண்டும். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு பிள்ளைக்கு ஆஸ்துமா என்றால் அணி இல்லை. வேகமாக ஓடும் மூன்று பிள்ளைகள் இருந்தும் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். 2011-இல் 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' என்ற கொள்கையை அரசாங்கம் கொண்டுவந்தது. நல்ல கொள்கை. ஆனால் அதன்படி விளையாட்டுகளை நடத்த வேண்டிய ஏழெட்டு ஆசிரியர்களே பாடமும் நடத்தி, கோப்பும் எழுதி, தோட்டச் சாலையில் வண்டியும் ஓட்ட வேண்டும்.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு, ஓடி ஆடினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. படிப்பைப் பார்க்கட்டும் என்பார்கள். அந்தக் கவலையும் பொய்யல்ல. தோட்டத்தை விட்டு வெளியேறும் ஏணி படிப்புதான் என்று நம்பிய தலைமுறை அது. ஆனால் நகரத்துப் பள்ளிப் பிள்ளைக்கு நீச்சல் வகுப்பும் பூப்பந்துப் பயிற்சியும் காசு கொடுத்தால் கிடைக்கும். மலிவு விலை அடுக்குமாடியில் வாழும், அப்பா லாரி ஓட்டும், அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கும் பிள்ளைக்குப் பள்ளித் திடல் ஒன்றுதான் கதி. அது இல்லையென்றால் மாலை நான்கு மணிக்கு அந்தப் பையன் எங்கே நிற்பான் என்பதைப் போலீஸ் நிலையத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

கென்யாவில் ஒரு வரிசை மரங்கள்

வெளிநாட்டில் இதற்கு என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஹேவர்ட் ஃபீல்ட் என்ற திடல் 1919-இலிருந்து அதே பெயரில் இருக்கிறது. இடித்துப் புதிதாகக் கட்டியும் பெயரையும் இடத்தையும் மாற்றவில்லை. 2022 உலகத் திடல்தடப் போட்டி அங்கேதான் நடந்தது. ஆனால் கோடிக்கணக்கான டாலர் உள்ள பல்கலைக்கழகத்தைத் தோட்டப் பள்ளிக்கு உதாரணம் காட்டுவது ஏழையிடம் அரண்மனையைக் காட்டுவது போல.

கென்யா பொருத்தமாக இருக்கும். ஈட்டன் என்ற மலையூரில் செயின்ட் பேட்ரிக்ஸ் என்று ஓர் ஆண்கள் உயர்நிலைப்பள்ளி. 1976-இல் அயர்லாந்திலிருந்து கோல்ம் ஓ'கானல் என்ற ஆசிரியர் புவியியல் நடத்த வந்தார். திடல்தடத்தில் அவருக்கு எந்தப் பட்டமும் கிடையாது. பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்தார், கற்றுக்கொண்டார், அங்கேயே தங்கிவிட்டார். அந்தப் பள்ளியில் படித்த பீட்டர் ரோனோ 1988 சோல் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் தங்கம் வென்றார். பிறகு ஓ'கானலிடம் பயிற்சி பெற்ற டேவிட் ருடீஷா 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எண்ணூறு மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். கென்யப் பிள்ளைகளைப் பற்றியும் உலகம் இதையே சொன்னது: பள்ளிக்கு ஓடியே போகிறார்கள், இரத்தத்திலேயே இருக்கிறது. ஓ'கானல் பார்த்ததோ தினசரிப் பயிற்சி, ஓர் இடம், போகாமல் நின்ற ஓர் ஆசிரியர்.

அந்தப் பள்ளி வளாகத்தில் உலக அளவில் வென்ற பழைய மாணவர்களின் பெயரில் மரம் நட்டிருக்கிறார்கள். புதிதாகச் சேரும் பையன் அந்த மரங்களுக்கு நடுவில் நடந்துதான் வகுப்புக்குப் போகிறான். மரக்கன்றுக்கு எவ்வளவு செலவாகும்?

எங்கிருந்து தொடங்குவது

மூன்று வேலைகள் கண்முன் தெரிகின்றன, மூன்றும் ஒரே எடையுள்ளவை அல்ல.

நிலம்தான் கடினமானது. தோட்டத்துக்குள் நிற்கும் பள்ளிகளின் மேலாளர் வாரியங்கள் கட்டடம் நிற்கும் நிலத்தைப் பற்றிக் கம்பெனியோடு பேசும்போது திடலையும் சேர்த்துப் பேச வேண்டும். கட்டடம் கிடைத்தால் போதும், திடலைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டவர்களுக்கு அந்தப் பிறகு வரவே இல்லை. புதிய தாமானில் பள்ளிக்கு நிலம் ஒதுக்கும்போது வரைபடத்தில் திடல் எங்கே என்று முதல் கூட்டத்திலேயே கேட்கும் ஒருவர் வாரியத்தில் இருக்க வேண்டும். கேட்பவர் மாடிக் கட்டடத்தைக் கேட்பவரைவிடக் குறைவாகவே கைதட்டல் வாங்குவார்.

இரண்டாவது, கூட்டணி. தனித்தனியாக நான்கு பேர் தேற்ற முடியாத பள்ளிகள் மூன்று சேர்ந்தால் ஓர் அணி வரும். பயிற்சிக்கு வாரம் ஒருநாள் ஒரு திடல், ஒரு வேன் செலவு. போட்டி விதியில் இதற்கு இடம் தர வேண்டும் என்று மாவட்ட அளவில் கேட்கலாம். சில தலைமையாசிரியர்கள் இதற்குத் தயங்குவார்கள். பள்ளியின் பெயர் போய்விடும், பெயர் போனால் பள்ளியே போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. மூடப்பட்ட பள்ளிகளைப் பார்த்தவர்களின் பயம் அது, அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் அணியே இல்லாமல் பெயரைக் காப்பாற்றுவது எப்படி என்பதையும் அவர்கள் சொல்ல வேண்டும்.

மூன்றாவதற்குக் காசு வேண்டாம். பழைய தோட்டப் பள்ளிகளில் தலைமையாசிரியர்கள் லாக் புக் எழுதினார்கள். யார் வந்தார், எத்தனை பிள்ளை வரவில்லை, மழை பெய்ததா, விளையாட்டுப் போட்டியில் யார் முதல் என்று அன்றன்று மையில் எழுதி வைத்தார்கள். பள்ளி இடம் பெயர்ந்தபோது சில கறையானுக்குப் போயின. சில இன்னும் அலமாரியின் அடித்தட்டில் இருக்கின்றன. எழுதியவர்களில் சிலர், அவர்கள் ஓடவைத்த பிள்ளைகளில் பலர், சிரம்பானிலும் ரந்தாவிலும் போர்ட்டிக்சனிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரு நோட்டோடு போய்க் கேட்டால் சொல்வார்கள்: எந்த வருடம், என்ன ஓட்டம், யாரைத் தோற்கடித்தது, மூலைக்கு மூலை ஓடும்போது கால்வாயில் விழுந்தது யார்.

அந்தப் பெயர்களை ஒரு பலகையில் எழுதி, சபைகூடும் தளத்துக்குப் பக்கத்தில் மாட்டலாம். அடுத்த முறை ஒலிபெருக்கியில் 'லாடாங்' என்று கூப்பிடும்போது எழுந்து நிற்கும் பிள்ளைக்கு, அந்தப் பெயரில் தனக்கு முன்னால் ஓடியவர் யார் என்று தெரிந்திருக்கும்.